பானா லோம்பே திருப்பிக் கொடுத்த கூடை

கபாசோவின் சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் மண் இருக்கும். துவைக்கப் போடும் முன் அவன் மனைவி சோலா பைகளை வெளியே இழுத்துத் தட்டுவாள். காய்ந்த இலைத் துணுக்குகள், புற்றுமண், ஒருமுறை உயிரோடு ஒரு நத்தை.

"வன இலாகாவில உத்தியோகம்னு சொல்லித்தான் உன்னைப் பேசி முடிச்சாங்க," என்பாள். "காட்டுப்பன்னி பார்க்கிற வேலைன்னு ஒருத்தரும் சொல்லல."

அவனுக்கு அது பாராட்டாகவே படும். காட்டில் தேடுவதற்குப் பன்றிக்கு இருக்கும் மூக்கு தனக்கு இல்லையே என்று அவன் உண்மையாகவே வருத்தப்பட்டதுண்டு.

ம்பிக்கா ஊருக்கு ரயில் பட்டறைதான் அடையாளம். கபாசோவின் அப்பா அங்கே பிட்டர். அம்மா மழைக்காலத்தில் நெடுஞ்சாலை ஓரம் காளான் விற்பாள், மற்ற மாதங்களில் சர்க்கரைவள்ளி. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கபாசோவுக்கு வன அலுவலகத்தில் மாதிரி அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அறை முழுக்க அலமாரிகள். அலமாரி முழுக்க அட்டையில் ஒட்டிய இலைகளும் பூக்களும். பூட்டைத் திறக்க வேண்டும், தூசி தட்ட வேண்டும், பாச்சை உருண்டை மாற்ற வேண்டும். வேறு ஒருவனாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து தூங்கித் தூங்கிக் காலத்தை ஓட்டியிருப்பான்.

கடைசி அலமாரியின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. மேலே 'காளான்கள்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். கபாசோ மூடியை நெம்பித் திறந்தான். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு பிடி தூள். அந்தத் தூளுக்குள் செருகினாற்போலப் பெயர்ச் சீட்டுகள். பெயர்கள் பத்திரமாக இருந்தன. பெயருக்கு உரியவைதான் இல்லை.

அந்த டின்னை மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க அவனால் முடியவில்லை. தன் வாழ்க்கை அந்த மூடியில்தான் திறந்தது என்பான், யாராவது கேட்டால். யாரும் கேட்பதில்லை.

காளானை இலை மாதிரி அழுத்தி ஒட்ட முடியாது. அழுத்தினால் கூழ். அப்படியே வைத்தால் மறுநாள் புழு. அவன் ஒரு மரப்பெட்டி செய்து, உள்ளே கம்பிவலைத் தட்டுகள் பொருத்தி, கீழே கரி அடுப்பை வைத்தான். சூடு கூடினால் காளான் வெந்துவிடும், குறைந்தால் பூசணம் பிடிக்கும். எத்தனையோ காளான்களை வீணாக்கிய பிறகு அவன் உள்ளங்கைக்கு அந்தச் சூடு பழகியது. காயும் முன்பே எல்லாவற்றையும் பார்த்து எழுதிவிட வேண்டும் என்பதும் அப்படித்தான் தெரிந்தது: நிறம், வாசனை, கீறினால் பால் வருகிறதா, வந்தால் என்ன ஆகிறது. செத்த காளான் தன் நிறத்தை மறந்துவிடும்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் தலைநகர் லுசாகாவிலிருந்து நசிலேலே வந்தாள். பல்கலைக்கழகத்தில் மைக்ரோஸ்கோப்போடு வாழ்பவள், அவனைவிட வயதில் சின்னவள், மேற்கே ஆற்றங்கரை ஊர்க்காரி. அவன் பெட்டியைத் திறந்து பார்த்தவள் அன்று மாலை வண்டி ஏறவில்லை. அதன் பிறகு இருவருக்கும் ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. காட்டில் அவன் கண், லுசாகாவில் அவள் கண். கண்ணுக்குத் தெரிகிறதை அவன் சொல்வான், தெரியாததை அவள் சொல்வாள்.

ஒரு காளானைப் புதிது என்று சொல்வது லேசான காரியமில்லை. இதுவரை உலகத்தில் யார் யாரோ பெயர் வைத்த எல்லாவற்றோடும் ஒப்பிட்டு, அதுவா என்றால் இல்லை, இதுவா என்றால் இல்லை என்று கழித்துக்கொண்டே வர வேண்டும். எல்லாக் கதவையும் தட்டி, எங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை என்று எல்லோரும் சொன்ன பிறகுதான் அதற்குத் தனிப் பாய் விரிக்க முடியும். பெரும்பாலும் எங்காவது ஒரு கதவு திறந்துவிடும். வருத்தப்படாமல் அடுத்ததைக் காயவைக்க வேண்டும்.

பால் சிவக்கும் காளானுக்கு மட்டும் எந்தக் கதவும் திறக்கவில்லை.

பார்க்க அது கபன்சா மாதிரி இருக்கும். கபன்சா எல்லாப் பெண்களும் பொறுக்கி விற்கிற காளான், கீறினால் வெள்ளைப் பால் வரும், வெள்ளையாகவே காயும். இதன் பாலும் வெள்ளைதான். செருப்பு வாரை மாட்டி நிமிர்வதற்குள் செங்கல் நிறமாகிவிடும். கபாசோ முதன்முதலில் அதை முட்டோண்டோ மரங்களின் அடியில் பார்த்தான், ஒன்றே ஒன்று. அவன் அனுப்பிய துணுக்கைப் பார்த்த நசிலேலே, இது புதிதாக இருக்கலாம் என்று போனில் கத்தினாள். ஆனால் அந்த வாரம் விடாத மழை, கரி நமுத்துப்போனது, காளான் பெட்டிக்குள்ளேயே பூசணமாகிவிட்டது.

"பேர் வைக்கணும்னா ஒரு உடம்பு வேணும் கபாசோ," என்றாள் நசிலேலே. "நாளைக்கு எவனாவது சந்தேகப்பட்டா, வந்து பாருடான்னு பெட்டியைத் திறந்து காட்டணும். உடம்பு இல்லாத பேரு பேயி மாதிரி."

அடுத்த வருடம் அந்தக் காளான் முளைக்கவே இல்லை. அதற்கடுத்த வருடம், மழை முடிகிற சமயத்தில், அவன் போய்ப் பார்த்தபோது மரங்களில் கோடரிக் கொத்து விழுந்திருந்தது. மரத்தை வெட்டிக் கரி சுடுகிற கரிக்காரர்கள் அடையாளம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் காளான் முட்டோண்டோ வேரோடு ஒட்டி வாழ்வது. மரம் போனால் அதுவும் போய்விடும். கொத்து விழுந்த அந்த மரங்களின் அடியில், இலைச்சருகைத் தள்ளிக்கொண்டு, ஒரு கூடை நிறைய நின்றது பால் சிவக்கும் காளான்.

கபாசோ முட்டி போட்டு உட்கார்ந்து, யாருக்கு என்று தெரியாமல் ஊர் வழக்கப்படி கைதட்டி வணங்கினான். ஒன்றைக் கீறிப் படம் எடுத்தான். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மற்றதையெல்லாம் அள்ளிக் கூடையில் போட்டு இலையால் மூடி, நெடுஞ்சாலையைப் பார்த்து ஓடினான். அங்கே பானா லோம்பேயின் தேநீர்க் கடை இருந்தது. ஊருக்குப் போகிற வண்டிகள் அங்கேதான் நிற்கும்.

பானா லோம்பே என்றால் லோம்பேயின் அம்மா. மகள் கல்யாணமாகிக் கித்வேயில் இருக்கிறாள், பெயர் மட்டும் அம்மாவோடு தங்கிவிட்டது. லாரிக்காரர்களுக்குத் தேநீரும் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையும் விற்கிறவள். பருத்த உடம்பு, அதைவிடப் பருத்த குரல். அவள் மழைக் குலம். கபாசோ, தாய் வழியில், காளான் குலம்.

மழை பெய்யாமல் காளான் முளைக்காது. ஆகவே மழைக் குலத்தார், நாங்கள் போட்ட பிச்சைதான் நீங்கள் என்பார்கள். காளான் முளைக்காவிட்டால் மழை வெறும் சேறு என்று இவர்கள் திருப்பிச் சொல்வார்கள். இரண்டு குலத்துக்கும் நடுவில் கேலி முறை. எதிர்க் குலத்தாரை என்ன வேண்டுமானாலும் திட்டலாம். கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போகலாம். கோபப்படக் கூடாது, பட்டவன் தோற்றான். நன்றியும் சொல்லக் கூடாது, சொன்னால் அந்நியராகிவிடுவார்கள். ஒருவர் செத்தால் குளிப்பாட்டுவதும் குழி வெட்டுவதும் எதிர்க் குலத்தாரின் வேலை.

கபாசோவின் அம்மா இறந்தபோது முதலில் வந்து மண்வெட்டியைத் தூக்கியவள் பானா லோம்பேதான். மண் மூடியதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கத்தினாள்: "நல்லா மிதிங்கடா! மழைக்காலத்துல காளானைப் புதைச்சிருக்கோம். விட்டா நாளைக் காலையிலேயே குடையைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு வந்துடுவா!" அழுதுகொண்டிருந்த கூட்டம் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தது. கபாசோவும் சிரித்தான். அன்று அந்தச் சிரிப்பு வந்திராவிட்டால் அவன் மூச்சு திரும்பியிருக்காது. அதற்காக அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொல்ல வழியில்லை. அது அப்படியே உள்ளே கிடந்தது.

அன்றும் அவன் கூடையோடு கூரைக்குள் நுழைந்ததும் அவள் தொடங்கிவிட்டாள்.

"வாடா வா, நனைஞ்ச காளானே. எங்க மழையிலயே குளிச்சிட்டு எங்க கூரையிலயே ஒதுங்க வந்துட்டியா?"

"உங்க மழை பெய்யிற லட்சணம். பாதி ரோட்டைக் காணோம்."

"ரோடு கிடக்கு. கூடையில என்ன?"

நசிலேலேயிடம் உடனே சொல்ல வேண்டும் என்று அவனுக்கு உடம்பெல்லாம் பறந்தது. கடைக்குப் பின்னால் உள்ள கரையான் புற்றின் உச்சியில் ஏறினால்தான் போன் எடுக்கும். மழை சற்று விட்டிருந்தது. கூடையை அடுப்படி ஓரமாக, சூடு படும்படி வைத்தான். மனம் முழுக்கப் போனிலேயே இருந்ததால், அந்த ஊரில் பிறந்தவன் எவனும் சொல்லக்கூடாத வார்த்தையைச் சொன்னான்.

"அதைத் தொட்டுடாதே. ஆபீஸ் சாமான்."

எதிர்க் குலத்தாரிடம் தொடாதே என்பது விருந்துக்கு அழைப்பது மாதிரி. புற்றின் உச்சியில் நின்று, சிக்னலுக்காகப் போனைத் தூக்கித் தூக்கிப் பிடித்து வெகுநேரம் ஆகும்வரை அது அவனுக்கு உறைக்கவில்லை. உறைத்தபோது போன் மணி அடித்து நசிலேலே எடுத்துவிட்டாள்.

"ஒரு கூடையா? உண்மையாவா? கபாசோ, கேளு. இன்னிக்கே காயப் போட்டுரு. அப்புறம் ஒண்ணு, யாரும் வாயில வெச்சுடாமப் பார்த்துக்கோ. பார்க்கத்தான் கபன்சா மாதிரி. உள்ள என்ன இருக்குன்னு நமக்கு இன்னும் தெரியாது. இதோட ஒண்ணுவிட்ட சொந்தக்காரங்க சிலது ஆளையே கவுத்துடும்."

அவன் திரும்பிப் பார்த்தான். கடைக் கூரையின் விளிம்பிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. அதில் நிலக்கடலைப் பொடி போட்ட குழம்பின் வாசனை.

புற்றிலிருந்து எப்படி இறங்கினான் என்று அவனுக்கு நினைவில்லை. முழங்காலில் சிராய்ப்பு இருந்தது, ஆகவே விழுந்திருக்க வேண்டும். உள்ளே பானா லோம்பே ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் தட்டு, சோளக்களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். பாத்திரத்தின் அடியில் ஒட்டிய கொஞ்சம்தான் மிச்சம்.

"துப்பு!" என்றான்.

"உனக்கும் வெச்சிருக்கேன்டா. ஏன் இப்படிப் பறக்கிறே?"

"பானா லோம்பே, துப்புன்னு சொல்றேன். அது கபன்சா இல்ல. அது என்னன்னே யாருக்கும் தெரியாது. விஷமா இருக்கலாம்."

அவள் மென்றுகொண்டே அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லா நடிக்கிறே. பறிகொடுத்தவன் எல்லாம் இதைத்தான் சொல்வான். போன வருஷம் உன் சித்தப்பன்கிட்ட கோழியைப் பிடுங்கினேன், கோழிக்குச் சீக்குன்னான்."

"அம்மா மேல சத்தியம்."

அதைக் கேட்டதும் அவள் தாடை நின்றது. அவனுடைய அம்மாவின் பெயரில் அவன் விளையாட மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். வாயில் இருந்ததை விழுங்கினாள். தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, மழைக் குலத்தாருக்கே உரிய நிதானத்தோடு சேலைத்துணி மாதிரி இடுப்பில் சுற்றியிருந்த துணியின் முனையில் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ நான் செத்தா நீதான் குழி வெட்டணும். முறைன்னா முறைதான். பார்த்து ஆழமா வெட்டு, நான் கொஞ்சம் அகலம்."

கபாசோவுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி புற்றில் ஏறி ஆஸ்பத்திரி நர்ஸைக் கூப்பிட்டான். வாந்தியோ மயக்கமோ தெரிந்தால் உடனே தூக்கிக்கொண்டு வா, அதுவரை படுக்க வை, நிறையத் தண்ணீர் கொடு, பக்கத்திலேயே இரு என்றாள் நர்ஸ். கடையில் நின்ற லாரியின் டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னான். அவர் தான்சானியாக்காரர். என்ஜினை ஒருமுறை உறுமவிட்டுப் பார்த்து, "அம்மாவை ஏத்தணும்னா ஒரு குரல் குடு, பறந்துடுவேன்," என்று சொல்லிவிட்டுத் தேநீருக்குக் கை நீட்டினார்.

தேநீர் போட ஆள் இல்லை.

"என்னடா பார்க்கிறே?" பானா லோம்பே பாயில் சாய்ந்தபடி சொன்னாள். "சாகப்போறவளை வேலை வாங்குவியா? நீ போடு."

அந்த மதியம் முழுவதும் கபாசோ தேநீர் போட்டான். மாவை உருட்டி எண்ணெயில் விட்டான். அவை உருண்டையாக வரவில்லை, தவளை மாதிரி வந்தன. சாப்பிட்டவர்கள் சிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் கைவேலை முடிந்ததும் ஓடிவந்து பாயின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"வயிறு?"

"இருக்கு."

"வலிக்குதா?"

"உன் உருண்டையைப் பார்த்தாத்தான் வலிக்குது. சர்க்கரை போட்டியா இல்ல வெறும் மாவா?"

"கண்ணு? தெளிவாத் தெரியுதா?"

"தெரியுது. நீ உங்க அம்மா மாதிரியே இருக்கே. அவளுக்கும் இப்படித்தான், பயந்தா காது முன்னால வந்துடும்."

ஒருமுறை அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீளமாக முனகினாள். கபாசோவின் கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது. டிரைவர் எழுந்து லாரிக்கு ஓடினார். பானா லோம்பே ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். "கோப்பைக் காசு உங்க குலத்துக் கணக்கு," என்றாள். டிரைவர் தன் மொழியில் ஏதோ திட்டிக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தார். ஆனாலும் அவர் கிளம்பவில்லை. சரக்கு காத்திருந்தது, அவரும் காத்திருந்தார்.

கூரையில் மழை மறுபடி இறங்கியது. கபாசோ பாயின் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மாவின் குழி மேட்டில் நின்று கத்திய அந்தக் குரல் இல்லாத ஒரு நெடுஞ்சாலையை நினைத்துப் பார்த்தான். வண்டிகள் நிற்கும், போகும். யாரும் அவனை நனைந்த காளானே என்று கூப்பிட மாட்டார்கள். நினைப்பை அதற்கு மேல் கொண்டுபோக அவனால் முடியவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் பானா லோம்பே எழுந்து உட்கார்ந்தாள். ஏப்பம் விட்டாள். நர்ஸிடம் மறுபடி கேட்டதில், இவ்வளவு நேரம் தாங்கிவிட்டால் பெரும்பாலும் பயமில்லை, ஆனாலும் யாராவது கூடவே இருக்கட்டும் என்றாள். பக்கத்து வீட்டுப் பெண் வந்து தங்க ஒப்புக்கொண்டாள். டிரைவர் தவளை உருண்டையில் ஒன்றை வழிக்கு எடுத்துக்கொண்டு ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் கபாசோவுக்குக் காளானின் நினைவு வந்தது. இத்தனை நேரம் அது ஒருமுறைகூட வரவில்லை. இனி அந்த மரங்கள் இருக்கப் போவதில்லை. வருத்தம் இருந்தது, ஆனால் அவன் எதிர்பார்த்த அளவுக்குப் பெரிதாக இல்லை. அவள் உட்கார்ந்து ஏப்பம் விடுகிறாள். அந்த நாளிடம் அதற்கு மேல் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

ஊர்வண்டி வந்து நின்றது. பானா லோம்பே அவன் கூடையை இலைபோட்டு மூடி எடுத்து வந்தாள்.

"இந்தா. மழைக் குலத்துக்காரி வெறுங்கூடை அனுப்பினான்னு பேர் வரக்கூடாது. உங்க தகுதிக்கு ஏத்தது உள்ள இருக்கு."

வண்டியில் நெருக்கி உட்கார்ந்த பிறகு அவன் இலையை விலக்கினான். உள்ளே இரண்டு பெரிய காளான்கள். குடை விரிந்து, ஓரம் கிழிந்து, தண்டில் புழு ஓட்டைகள். கூடவே, தோல் உரிக்கக்கூட லாயக்கில்லாத ஒரு சின்ன மொட்டு, மண்ணோடு. பாத்திரத்தில் போட யாரும் எடுக்காதவை. காளான் குலத்தானுக்குப் புழு தின்ற மிச்சம் போதும் என்பது அதன் அர்த்தம். அந்த ஊரில் ஒரு கூடையில் வைத்து அனுப்பக்கூடிய மிக நல்ல வசவு.

நகத்தால் தண்டைக் கீறினான். பால் கசிந்தது. வெள்ளை. வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. செங்கல் நிறம்.

கபாசோ சத்தமாகச் சிரித்துவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அவை காய்ந்தன. உள்ளங்கைச் சூட்டில், நல்ல கரியில், ஒழுங்காகக் காய்ந்தன. மறுநாள் காலை நர்ஸும், அதற்குள் மறுபடி கடை திறந்துவிட்ட பானா லோம்பேயும் ஆபத்து ஒன்றும் இல்லை என்ற ஒரே செய்தியைத்தான் போனில் சொன்னார்கள், வார்த்தைகள்தான் வேறு. நசிலேலே லுசாகாவில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அவனைக் கூப்பிட்டாள்.

"இளசா, அழகா இருக்கிறதை நீ அனுப்பியிருந்தா திண்டாடியிருப்பேன். இது நல்லா முத்தினது. வித்துத்தூள் கொட்டுது. கூட மொட்டும் இருக்கு, பிறந்ததுலேருந்து முடிஞ்சது வரைக்கும் இருக்கு. யாரு பொறுக்கினது இப்படி?"

"சமையல்காரி," என்றான்.

கழித்துக்கொண்டே வருகிற வேலை பல மாதம் ஓடியது. வெளிநாட்டு அலமாரிகளில் இருக்கும் சொந்தக்காரர்களையெல்லாம் நசிலேலே கேட்டுப் பார்த்தாள். எல்லா வீட்டிலும் இல்லை என்றே பதில் வந்தது. கடைசியில் பெயர் வைக்க வேண்டிய நாள் வந்தபோது, "உன் பேரையே வெச்சுடலாம் கபாசோ. மூணு மழை தேடியிருக்கே," என்றாள்.

அவன் வேண்டாம் என்றான். மழைக் குலத்தார் பெயரைச் சொன்னான்.

நசிலேலேயின் ஊரில் வேறு விதமான குலங்கள், ஆனாலும் அவளுக்கு விஷயம் புரிந்தது. "யோசிச்சுச் சொல்லு. அச்சுல வந்துட்டா அவ்வளவுதான். நாளைக்கு உனக்கே மனசு மாறினாலும் யாராலயும் மாத்த முடியாது. உலகம் இருக்கிற வரைக்கும் ஒரு காளான் மழைக்காரங்களுக்குச் சொந்தம்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். உன் ஜனங்க உன்னை வீட்டுக்குள்ள விடுவாங்களா?"

"விட மாட்டாங்க," என்றான் சந்தோஷமாக.

அடுத்த மழையின் முதல் தூறலில் அவன் பானா லோம்பேயின் கடைக்குப் போனான். உருண்டைகள் எண்ணெயில் வெந்துகொண்டிருந்தன. விஷயத்தைச் சொன்னான். அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். எண்ணெயில் உருண்டைகள் பழுப்பாகி, கறுப்பாகத் தொடங்கின. அவள் கண்ணோரம் புகை பட்டது மாதிரி இருந்தது. புகையாகவும் இருக்கலாம்.

"அப்போ ஒத்துக்கிட்டே," என்றாள் கடைசியில். குரல் மெல்ல ஏறியது. "அச்சுல ஒத்துக்கிட்டே! டேய், எல்லாரும் கேட்டுக்கோங்கடா! காளான் எங்களுதாம்! காளான் குலத்தானே எழுதிக் குடுத்துட்டான்!"

லாரிக்காரர்கள் கைதட்டினார்கள். அவள் கருகிய உருண்டைகளை வாரிக் கூடையில் கொட்டிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"அதை எங்க வெச்சிருக்காங்க? பார்க்கலாமா?"

"லுசாகாவில, பெட்டியில. எந்த நாட்டுக்காரன் வந்து கேட்டாலும் திறந்து காட்டுவாங்க."

"எப்படி இருக்கும்? நல்லா, குண்டா, வெளுப்பா இருக்குமா?"

"நீ குடுத்ததுதான். புழு அரிச்சது."

அவள் கரண்டியை இறக்கினாள்.

"மழைக் குலம்னு மேல பேரு. கீழ ஓட்டை விழுந்த தண்டு," என்றான் கபாசோ. "பக்கத்துல எழுதியிருக்கு: பாதி புழுக்களால் தின்னப்பட்டது. இனிமே மாத்த முடியாது. உலகம் இருக்கிற வரைக்கும்."

பானா லோம்பே வயிறு குலுங்க, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். "அயோக்கியா! கெட்ட காளானே! எங்க பேரைக் கொண்டுபோய்ப் புழுவுக்கு..." சிரிப்பில் மிச்சம் வரவில்லை.

அவளும் அவனும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள முடியாத வார்த்தை ஒன்று உண்டு. அன்று அது சொல்லப்பட்டுவிட்டது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

"இன்னும் ஒண்ணு எழுதியிருக்கோம்," என்றான். "ஒரு பெண்மணி சாப்பிட்டுப் பார்த்தாங்க, ஒண்ணும் ஆகலன்னு. அதை நம்பி இன்னொருத்தர் சாப்பிடக்கூடாதுன்னும் சேர்த்து எழுதியிருக்கோம். ருசி எப்படின்னு மட்டும் தெரியல. கேட்க மறந்துட்டேன்."

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், கண்ணை மூடிக்கொண்டு. "முதல்ல கொஞ்சம் காரம். அப்புறம் கபன்சாவைவிட மெதுவு. உப்பு கூடுதலா கேட்கும்." பிறகு கண்ணைத் திறந்து, "மரத்தை வெட்டப்போறாங்கன்னு போன மழையில சொன்னியே, அந்தக் கரிக்காரப் பசங்க எங்க தங்கியிருக்காங்க?" என்றாள்.

அவள் போய் என்ன பேசினாள் என்று கபாசோவுக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. மழைக் குலத்தின் பெயர் கொண்ட காளான் முளைக்கும் மரத்தில் கைவைத்தால் அவர்கள் கரிச்சூளை மேல் மாத்திரம் மழை விடாமல் பெய்யும் என்று மிரட்டியதாகச் சொல்வார்கள். எல்லா மரங்களும் தப்பவில்லை. ஓடைப் பக்கத்துச் சரிவில் ஒரு கொத்து நிற்கிறது. கோடரித் தழும்புகளின் மேல் பட்டை மூடி வருகிறது. கபாசோ ஒவ்வொரு மழைக்கும் அங்கே போய் மண்டியிட்டுப் பார்க்கிறான். சில வருடம் இருக்கும், சில வருடம் இருக்காது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிளம்பும் முன் கைதட்டி வணங்குகிறான். யாருக்கு என்று இப்போது தெரியும்.

அன்று ஊர்வண்டி ஹாரன் அடித்தது. கபாசோ எழுந்தான். மேசை மேல் கூடை நிறைய உருண்டைகள் இருந்தன, பாதி கருகியது, பாதி நல்லது. அவன் எதுவும் கேட்காமல் கூடையோடு தூக்கிக்கொண்டு நடந்தான். முறை அது.

"டேய்!" பின்னாலிருந்து அவள் கத்தினாள். "கூடையை வெறுமையா அனுப்பிடாதே!"